வாசலில் நின்று சொல்லும் சேதி

ரங்கசாமி தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினால் வேங்கைக்கொல்லையில் பேச்சு நின்றுவிடும். அடுப்படியில் இருப்பவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். அவர் எந்தப் பாதையில் இறங்குகிறார் என்பதை வைத்தே, போனது யார், சேதி யாருக்கு என்று ஊகித்துவிடுவார்கள்.

மற்ற நாட்களில் அவர் எல்லோரையும் போலத்தான். மேட்டில் சாமை விதைப்பார். பள்ளத்தில் கொஞ்சம் நெல். மாசி, பங்குனியில் புளி உலுக்குவார். மழை பிடித்துக்கொண்டால் சீட்டாடுவார், கூசாமல் ஏமாற்றுவார். துண்டு இடுப்புக்கு வந்துவிட்டால் மட்டும் வேறு ஆள்.

ஜவ்வாது மலையில் வேங்கைக்கொல்லைக்கும் அதை ஒட்டிய சில ஊர்களுக்கும் அவர்தான் சேதிக்காரர். யாராவது இறந்தால், உறவுக்காரர்கள் எங்கே இருந்தாலும் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு முறை உண்டு. கேட்பவரை வாசலுக்குக் கூப்பிட வேண்டும். உள்ளே போகக் கூடாது, உட்காரக் கூடாது. முதலில் உறவு, அப்புறம் பெயர், அப்புறம் ‘செத்துட்டார்’ என்கிற சொல். ‘சீரியஸா இருக்குது, கெளம்பி வா’ என்று கீழே உள்ள ஊர்களில் சொல்கிற பொய் இங்கே ஆகாது. சொன்ன பிறகு நகரக் கூடாது. கேட்டவர் அழுது ஓய்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கும்வரை நிற்க வேண்டும். பிறகு அதே சொம்பில் சேதிக்காரர் குடிப்பார். அதோடு அவர் வேலை முடிந்தது.

இதில் போனுக்கு இடமில்லை. மலைக்குப் போன் வந்த புதிதில், திருப்பூரில் புருஷன் இறந்துபோனதை ஒரு பெண்ணுக்கு யாரோ போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அவள் கொல்லையில் தனியாக இருந்தாள். பொழுது சாயும்வரை அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. மயங்கிக் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. ஊர் கூடியது. சாவைப் போனில் சொல்வதில்லை என்று முடிவானது.

அந்த முடிவை மற்றவர்கள் சமயத்தில் மறந்தார்கள். ரங்கசாமி மறக்கவில்லை. கேரளத்து மிளகுத் தோட்டத்தில் வேலை செய்த சுரேஷின் அப்பா இறந்தபோது, தோட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ரயிலேறினார். போய்ச் சேர்ந்தபோது இங்கே மண் போட்டாகிவிட்டது. “இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க, ஒரு போன் போட்டிருந்தா மூஞ்சியாவது பாத்திருப்பேனே” என்று சுரேஷ் அவர் சட்டையைப் பிடித்தான். ரங்கசாமி சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. நின்றார். மழை பெய்துகொண்டிருந்ததாம். சுரேஷ் இன்றும் ஊருக்கு வந்தால் முதலில் போகிற வீடு ரங்கசாமியுடையது.

சசிகலா அவருடைய ஒரே மகள். அப்பா இந்த வேலை செய்வதை அவள் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. அவளை விடுதியில் சேர்க்கப் போளூருக்குக் கூட்டிப் போன நாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் துண்டை இடுப்பில் கட்டினார். “இங்கயே இரு கண்ணு, வர்றேன்” என்று அவளை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, எதிரே இருந்த அரிசி ஆலைக்குப் போனார். ஆலைக்காரர் நாற்காலி போட்டார். அப்பா தலையாட்டி மறுத்தார். மூட்டை தூக்கும் ஒருவர் தவிடு படிந்த முகத்தோடு வாசலுக்கு வந்தார். அப்பா சொன்னார். அந்த மனிதர் லாரி டயரைப் பிடித்துக்கொண்டு குந்தினார். லாரிகள் வந்தன, போயின. அப்பா வெயிலில் அப்படியே நின்றார். விடுதிக்குப் போனபோது அலுவலகம் மூடுகிற நேரம். வார்டன் திட்டினார். அப்பா காரணம் சொல்லவில்லை.

அவள் படித்தாள். வேலூரில் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் நாள் அவளைப் பைக்கில் கொண்டுபோய் விட்டவர் தாய்மாமன் ராஜாக்கண்ணு. மூன்றாம் ஆண்டில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனியிலுள்ள ட்ரெஸ்டனுக்கு ஒரு பருவம் படிக்கத் தேர்வானாள். மலையைத் தவிர எல்லாமே ‘கீழே’ என்பது வேங்கைக்கொல்லைப் பேச்சு. ஒடுகத்தூரும் கீழே, சென்னையும் கீழே. ஜெர்மனியும் அதே கணக்கில் சேர்ந்தது. “சசி கீழ போயிருக்குது, புரட்டாசிக்கு வந்துடும்” என்றார்கள்.

அங்கே ஆற்றில் நீர் அளக்கும் நிலையம் இருந்தது. அதைப் படம் பிடித்து மாமாவுக்கு அனுப்புவாள். டிராம் வண்டி, பாலம், ரொட்டிக் கடை என்று தினமும் ஏதாவது ஒன்றை வாட்ஸ்ஆப்பில் பேசி அனுப்புவாள். ஆனி மாதத்துக்குப் பிறகு பதில் வரவில்லை. அப்பாவைக் கேட்டால், போன் அம்மா கெங்கம்மாளின் கைக்குப் போய்விடும். அம்மா, “டவர் இல்ல கண்ணு” என்பாள். மாமாவின் வீடு பள்ளத்தில் இருக்கிறது. அங்கே டவர் எடுக்காது என்பது உண்மைதான்.

புரட்டாசியில் திரும்பி வந்தாள். ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக அப்பா தெரிந்தார். தனியாக நின்றிருந்தார். துண்டு இடுப்பில் இருந்தது.

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். “அம்மாவா?”

“அம்மா வூட்ல இருக்கா. எறங்கு.” அவள் இறங்கும்வரை காத்திருந்தார். “உன் மாமன் ராஜாக்கண்ணு செத்துட்டான். ஆனியிலயே. நெஞ்சு வலி.”

சீத்தாப்பழக் கூடைகளோடு பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள். அப்பா எதிரே நின்றார். தோளைத் தொடவில்லை, தேற்றவில்லை. எத்தனை பஸ் வந்து போயிற்று என்று தெரியாது. கடைசியில் கூடைக்காரி ஒருத்தியின் பாட்டிலை வாங்கி நீட்டினார். அவள் குடித்தாள். அப்புறம் அவர் குடித்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

“ஆனியிலிருந்து புரட்டாசி வரைக்கும் செத்துப்போனவர்கிட்ட பேசிக்கினு இருந்திருக்கேன்ப்பா. அந்த ஊர்ல மழை பெய்யுது மாமான்னு சொல்லியிருக்கேன்.”

“தெரியும்.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல?”

“போன்ல சொன்னா, சொன்னவன் வெச்சிட்டுப் போயிடுவான். கேட்டவ தனியா நிப்பா.” அப்புறம் சொன்னார்: “போளூர்ல டிக்கெட் போடற கடைல போய்க் கேட்டேன். ஜெர்மனிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு அடுத்த வண்டில திரும்பணும்னேன். பாஸ்போர்ட் இருக்குதான்னு கேட்டுட்டுச் சிரிச்சான்.”

அடுப்பருகே இருந்த கெங்கம்மாள் சொன்னாள்: “பாஸ்போர்ட்டுக்குத் தபாலாபீஸ்லயும் போய்க் கேட்டாரு. அது வர்றதுக்குள்ள நீயே வந்துடுவேன்னாங்க.”

சசிகலாவுக்குக் கோபம் முழுவதும் போகவில்லை.

மறு ஆண்டு படிப்பு முடிந்தது. அதே ட்ரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் நீரியல் மேற்படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் வந்தது. கெங்கம்மாள் மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள். ரங்கசாமி ஊர் முழுக்கச் சொன்னார். சசிகலா மட்டும் ஒப்புதல் அனுப்பாமல் நாளைக் கடத்தினாள். அந்த வைகாசியில்தான் வேலூரில் டாக்டர் அப்பாவின் இதய வால்வு சுருங்கியிருக்கிறது என்று சொல்லியிருந்தார். ஆபரேஷன் செய்யலாமா என்பதை வயது, சர்க்கரை எல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். மேடு ஏறுவதைக் குறைக்கச் சொன்னார். மலையில் மேடு ஏறாமல் எங்கே போவது?

“நான் போகலப்பா” என்றாள்.

“இன்னாத்துக்கு?”

“நீ செத்தாலும் எனக்குச் சொல்ல மாட்டாங்க. நான் உன்கிட்ட பேசிக்கினே இருப்பேன்.”

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே போய் ஆடுகளை அவிழ்த்துவிட்டார். அவை மேய்ந்த பிறகும் அங்கேயே நின்றார்.

அந்த வாரம் ஆடித் திருவிழாவுக்கு நாள் குறிக்கக் கோயில் முன் ஊர் கூடியது. பேச்சு முடிகிற நேரத்தில் ரங்கசாமி எழுந்தார். போனில் சேதி சொல்ல அனுமதி வேண்டும் என்றார். கடல் தாண்டி இருப்பவர்களுக்கு மட்டும்.

கூட்டம் சலசலத்தது. இத்தனை காலம் போனை எதிர்த்தவரே அவர்தான்.

“இன்னா மச்சான், கால் வலிக்குதா?” என்றார் தங்கவேல். பக்கத்து வீட்டுக்காரர். எதையும் விளையாட்டாகவே பேசுபவர். சாவு வீட்டில்கூட அவரைத் தள்ளி உட்கார வைப்பார்கள், பக்கத்தில் இருப்பவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார் என்று. “இல்ல, ஜெர்மனிக்கு நடந்து போயிடலாம்னு பாத்துட்டு முடியாம திரும்பிட்டியா?”

“போளூர் வரைக்கும் போய்ப் பாத்துட்டேன்” என்றார் ரங்கசாமி.

“உன் பொண்ணுக்கு மட்டும் தனிச் சட்டமா?” என்று ஒருவர் கேட்டார்.

“இன்னிக்கு என் பொண்ணு. நாளைக்கு உன் பேரன்.”

ரங்கசாமிக்குப் பெரியம்மா முறையான மங்கம்மாள் இடையில் புகுந்தாள். “அதெல்லாம் சரிடா. சொல்லிட்டு நிக்கணும். கேட்டவளுக்குத் தண்ணி குடுக்கணும். போன்லயிருந்து கையை நீட்டியா குடுப்ப?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இதற்குப் பதில் தேடித்தான் அவர் அன்றைக்கு ஆட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார் போலும்.

“வாசலுக்குக் கூப்பிட்டுதான் சொல்லணும். சொன்னவன் போனை வெக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் வெக்கக் கூடாது. தண்ணி குடுக்க அங்கயே ஒரு ஆளை வெக்கணும். ஆள் இல்லன்னா சொல்லக் கூடாது.”

ஊர்க்கவுண்டர் தலையாட்டினார். “எல்லாம் சரி ரங்கா. உன் பொண்ணு பயப்படறது உன் சேதிக்குத்தானே. அதை நீயே போன் போட்டுச் சொல்ல முடியாது.”

கூட்டம் சிரித்தது. அதிகமாகச் சிரித்தது தங்கவேல்தான்.

“அதை இவன் சொல்லட்டும்” என்று ரங்கசாமி தங்கவேலைக் காட்டினார்.

“நானா?”

“உன் போன்லதான் டவர் எடுக்குது.”

மறுபடி சிரிப்பு. தங்கவேல் மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சசிகலா ஒப்புதல் அனுப்பினாள். தண்ணீர் கொடுக்க அங்கே ஆள் அமையவில்லை என்றால் முதல் பருவத்தோடு திரும்பிவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினாள். “அது ஞாயம்” என்றார் அவர்.

ட்ரெஸ்டனில் மாணவர் குடியிருப்பின் மேல்மாடியில் அறை. பக்கத்து அறையில் மார்த்தா என்ற போலந்துப் பெண், நில அளவை படிப்பவள். இரண்டு பேருக்கும் ஒரே சமையலறை. சேர்ந்த சில நாட்களிலேயே அப்பா வீடியோவில் வந்தார். சாப்பாடு, குளிர் எதையும் கேட்கவில்லை.

“வாசலைக் காட்டு.”

அறைக் கதவைக் காட்டினாள்.

“இது நடை. வெளிய வந்தா கால் மண்ணுல படற எடம் எங்க?”

போனைப் பிடித்துக்கொண்டு படியெல்லாம் இறங்கினாள். தெருக் கதவைத் திறந்தாள். கல் பதித்த நடைபாதை. ஒரு மரத்தைச் சுற்றி மட்டும் கொஞ்சம் மண் தெரிந்தது. அதில் காலை வைத்துக் காட்டினாள்.

“அதான். அந்த மரம் இன்னா மரம்?”

“பேர் தெரியலப்பா.”

“தெரிஞ்சிக்க. இப்ப அந்தப் பொண்ணைக் கூப்பிடு.”

மார்த்தா கீழே வந்தாள். அப்பா திரைக்கு அந்தப் பக்கம் பித்தளைச் சொம்பைத் தூக்கிக் காட்டினார். பிறகு சசிகலாவைச் சுட்டினார். இரண்டு கையாலும் சொம்பை நீட்டினார். தன்னை ஏதோ குடிக்க அழைக்கிறார் என்று நினைத்த மார்த்தா, கையிலிருந்த காப்பிக் கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்லிவிட்டுக் குடித்தாள். அப்பாவும் வேறு வழியில்லாமல் சொம்பிலிருந்து ஒரு வாய் குடித்தார். பின்னால் தங்கவேல் மாமா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. “நல்ல ஆளாப் புடிச்ச மச்சான். சேதி சொல்றதுக்கு முன்னாடியே குடிச்சிடும் இது.”

சசிகலா ஜெர்மன் மொழியில் விளக்கினாள். தெரிந்த மொழியும் அரைகுறை, சொல்ல வேண்டிய விஷயமும் அப்படி. மார்த்தா கோப்பையைக் கீழே வைத்தாள். திரைக்கு முன்னால் நேராக நின்று, தலையை ஒருமுறை ஆட்டினாள்.

“போதும். பொண்ணு நல்ல பொண்ணு” என்றார் அப்பா.

முதல் குளிர்காலத்தில் அந்த முறை ஒரு தடவை நடந்தது. இறந்தது மங்கம்மாள். சொன்னது அப்பா. “சசி, வாசலுக்கு வா” என்ற குரல் கேட்டு இறங்கிப் போனாள். அவர் சொன்னார், காத்திருந்தார். மார்த்தா தண்ணீர் கொடுத்தாள். எல்லாம் கூட்டத்தில் பேசியபடியே நடந்தது. ஆனால் போனை வைக்காமல் இருந்த அந்த நேரத்தில், அவர் மூச்சு விடுவது காதுக்கு நெருக்கமாகக் கேட்டது. ஏற்றத்தில் சுமையோடு நடப்பவரின் மூச்சு. அவர் நின்ற இடத்திலேயேதான் நின்றிருந்தார்.

“ஆபரேஷனுக்கு நாள் குடுத்தாங்களாப்பா?”

“சேதி நடக்கறப்ப வேற பேசக் கூடாது” என்றார்.

நாள் கொடுத்திருந்தார்கள். சித்திரையில்.

மாசி மாதம் ஒரு காலையில் சசிகலா சமையலறையில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். தங்கவேல் மாமாவின் பெயர் போனில் வந்தது. அவர் அடிக்கடி கூப்பிடுபவர்தான். எடுத்ததும் “இன்னா ஜெர்மன்காரி, ஆட்டுக்கறி கெடைக்குதா?” என்பார்.

“சசிகலா” என்றார். “வாசலுக்கு வாம்மா.”

அவர் அவளை முழுப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவள் அடுப்பை அணைத்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமல் கதவைத் திறந்தாள். மார்த்தா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, குழாயைத் திறந்தாள்.

படிகளில் மார்த்தா தண்ணீரோடு பின்னாலேயே இறங்கினாள். சசிகலா தெருக் கதவைத் தாண்டி மரத்தடி மண்ணில் நின்றாள். லிண்டன் மரம். பெயரை அப்போதே தெரிந்துகொண்டு அப்பாவுக்குச் சொல்லியிருந்தாள். இலை ஒன்றும் இல்லை.

“வந்துட்டேன் மாமா.”

“தண்ணிக்கு ஆள் இருக்குதா?”

“இருக்குது.”

“உங்கப்பன் ரங்கசாமி செத்துட்டான்.”

டிராம் ஒன்று போயிற்று. அது போகும்வரை அவர் காத்திருந்தார்.

“காலைல புளி உலுக்கப் போனோம். மரம் ஏற நான்தான் உடல. கீழ பொறுக்கிக்கினு இருந்தான். செத்த இருடான்னு வரப்புல குந்தினான். குந்தினவன் எழுந்திருக்கல.”

அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். குளிருக்கு மேல்சட்டை போட்டுவர மறந்திருந்தாள். போன் காதிலேயே இருந்தது. அந்தப் பக்கம் காற்று சீறியது. டவர் எடுக்கிற பள்ளிக்கூடத்துப் பாறைமேல் நிற்கிறார் என்று தெரிந்தது. ஒருமுறை இருமினார். ஒருமுறை யாரையோ அதட்டி அனுப்பினார். போனை வைக்கவில்லை. தேற்றவில்லை. வேடிக்கையாக ஒரு சொல்கூட வரவில்லை. சாவு வீட்டில் தள்ளி உட்கார வைக்கப்பட்ட மனிதர் அங்கே வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்.

தெருவில் போன ஒருவர் உதவி வேண்டுமா என்று கேட்டார். மார்த்தா வேண்டாமென்று கையைக் காட்டினாள். அவளும் நின்றுகொண்டே இருந்தாள். தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

வெகு நேரம் கழித்து சசிகலா கையை நீட்டினாள். தண்ணீர் சில்லென்றிருந்தது.

“குடிச்சியா?” என்றார் தங்கவேல்.

“குடிச்சேன்.”

அந்தப் பக்கம் சொம்பு மூடியைத் திறக்கும் சத்தம். அவர் குடிப்பது கேட்டது. அவர் வேலை முடிந்தது.

“மாமா, துண்டு கட்டியிருக்கியா?”

“கட்டியிருக்கேன். உங்கப்பனோடதுதான். கொடியிலயிருந்து எடுத்தேன். எனக்கு ஏது துண்டு.”

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு அப்படியே அழுகையானது. அவரும் அந்தப் பக்கம் அழுதார். சேதிக்காரர் அழக் கூடாது என்று முறை ஏதும் இல்லை.

“பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்மா. அம்மா உன்னை ஓடி வர வேணாம்னு சொல்லச் சொன்னா. பரீட்சை முடிச்சிட்டு வா. மண்ணு எங்கயும் போவாது.”

“சரி மாமா.”

“வெச்சிடட்டுமா?”

“கொஞ்ச நேரம் இரு.”

“இருக்கேன்” என்றார். இருந்தார்.